மாற்றலாம் என்றார்கள், மாற்ற முடிந்ததா?
மடிக்கணிப்பொறியின் வரைகலை அட்டை: ஒரு திறனாய்வு

செக்காலையிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். அவரிடம் இருப்பது 2018-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஒரு விளையாட்டு மடிக்கணிப்பொறி. வேறொருவர் பயன்படுத்திய பின் இவர் கைக்கு வந்தது. அதிலுள்ள வரைகலைச் சில்லு ஜி.டி.எக்ஸ். 1050. முப்பரிமாண அசைவுப் படங்கள் அமைக்க உதவும் 'பிளெண்டர்' என்னும் மென்பொருளை அவர் கற்று வருகிறார். பெரிய காட்சி ஒன்றை உருவாக்கினால் பொறி திணறுகிறது. சில வேளைகளில் நின்றே போகிறது. "ரூ. 18,000 கொடுத்தால் கார்டை மாற்றித் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். அம்மா சீட்டு எடுத்துத் தரச் சம்மதித்துவிட்டார்கள். மாற்றலாமா?" என்பது அவர் வினா.

'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் காரணம் தெரியாமல் பெறும் விடையால் பயன் இல்லை. மேலும், மடிக்கணிப்பொறியின் வரைகலை அட்டையை மாற்றலாம் என்ற வாக்குறுதியைச் செய்முறையாளர்களே கடந்த இருபது ஆண்டுகளாக அவ்வப்போது அளித்து வந்துள்ளனர். நூல்களைத் திறனாய்வு செய்வதுபோல் இந்த வாக்குறுதியையும் எடுத்து ஆராய்வது தகும்.

வரைகலைச் சில்லின் வேலை என்ன?

சாதாரண மடிக்கணிப்பொறித் திரையில் குறுக்காக 1920 புள்ளிகளும் நெடுக்காக 1080 வரிசைகளும் உள்ளன. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். அசைவு இயல்பாகத் தோன்ற வேண்டுமானால் படம் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட வேண்டும். அதாவது நொடிதோறும் ஏறத்தாழ 12.4 கோடிப் புள்ளிகளுக்கு நிறமும் ஒளியும் கணித்தாக வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய கணக்கு எளியது; எண்ணிக்கைதான் மலைப்பூட்டுவது. எனவே ஒரு பெரிய கணக்கரை அமர்த்துவதைவிட, ஒரே வகைக் கணக்கை ஒரே நேரத்தில் செய்யும் நூற்றுக்கணக்கான சிறு கணக்கர்களை அமர்த்துவது மேல். வரைகலைச் சில்லு என்பது இத்தகைய சிறு கணக்கர்களின் கூட்டமே ஆகும். செக்காலை மாணவரின் சில்லில் 640 பேர் இருக்கிறார்கள் எனலாம். இன்றைய உயர்வகைச் சில்லுகளில் பல்லாயிரம் பேர்.

மேசைக் கணிப்பொறியில் இச்சில்லு தனி அட்டையில் அமைந்து, 'பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்' எனும் பொதுத்துளையில் செருகப்படுகிறது. இந்த அளவுமுறை 2003-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. வெவ்வேறு நிறுவனங்கள் செய்யும் அட்டைகளும் அதில் பொருந்தும். பத்தாண்டுப் பழைய பலகையில் புதிய அட்டையைச் செருகினாலும் பெரும்பாலும் இயங்கும். சைக்கிள் கடைக்குச் சென்று '28-க்கு ஒன்றரை டயர்' என்று கேட்டால், எந்த நிறுவனத்து டயர் என்று கவலைப்படாமல் வாங்கி மாட்டிவிடுகிறோம் அல்லவா? அதைப் போன்றதே இதுவும். பொது அளவு என்பது வாங்குவோனுக்குக் கிடைத்த உரிமை.

மடிக்கணிப்பொறியில் நிலைமை வேறு. பெரும்பாலானவற்றில் வரைகலைச் சில்லு, 'மதர்போர்டு' எனப்படும் தாய்ப்பலகையிலேயே நேரடியாகப் பற்றவைக்கப்பட்டுள்ளது. சில்லின் அடியில் நூற்றுக்கணக்கான நுண்ணிய ஈயக்குண்டுகள் இருக்கும். அவை உருகிப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். ஈயம் என்று வழக்கில் சொன்னாலும், ஐரோப்பிய நாடுகளில் 2006 ஜூலை முதல் ஈயத்துக்குத் தடை வந்தபின் வெள்ளீயம், வெள்ளி, செம்பு ஆகியவற்றின் கலவையே பெரிதும் பயன்படுகிறது. பழைய ஈயக்கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகும். புதியது உருக 217 டிகிரி வேண்டும். இவ்வளவு வெப்பம் கொடுத்துச் சில்லைப் பெயர்த்துப் புதுக்குண்டுகள் வைத்து மீண்டும் ஒட்டுவதையே 'ரீபாலிங்' என்கிறார்கள். பழுதான சில்லுக்குப் பதில் அதே சில்லை வைப்பதற்கு இது உதவும். உயர்ந்த வகைச் சில்லை வைக்க உதவாது. ஏனெனில் அதன் கால்களின் அமைப்பும், அது கேட்கும் மின்சாரமும், அதனோடு இணையும் நினைவகமும் வேறானவை.

ஓர் அட்டையை மாற்றலாம் என்று ஒருவர் சொன்னால் ஐந்து கேள்விகள் எழவேண்டும். புதிய அட்டை பழைய இடத்தில் பொருந்துமா? அது கேட்கும் மின்திறனைப் பொறி தருமா? அது வெளியிடும் வெப்பத்தைப் பொறி போக்குமா? பொறியின் அடிப்படை நிரல் அதை அடையாளம் காணுமா? இவை நான்கும் அமைந்தாலும், அப்படியோர் அட்டை கடையில் கிடைக்குமா? இந்த உரைகல்லில் மூன்று முயற்சிகளை உரசிப் பார்ப்போம்.

முதல் முயற்சி: எம்.எக்ஸ்.எம்.

2004-ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம் மடிக்கணிப்பொறிக்கென்று ஒரு பொது அட்டை அளவை அறிவித்தது. அதன் பெயர் எம்.எக்ஸ்.எம். பின்னர் வந்த மூன்றாம் பதிப்பில் இரண்டு அளவுகள் வகுக்கப்பட்டன: ஒன்று 82-க்கு 70 மில்லிமீட்டர், மற்றது 82-க்கு 105 மில்லிமீட்டர். போட்டி நிறுவனத்தின் ரேடியான் சில்லுகள்கூட இதே அளவு அட்டைகளில் வந்தன. டெல், எச்.பி., எம்.எஸ்.ஐ., கிளெவோ முதலிய நிறுவனங்கள் தம் உயர்வகைப் பொறிகளில் இவற்றை அமைத்தன. எண்ணத்தளவில் இது பாராட்டத்தக்கது. துளை பொது, அட்டை பொது, வேறென்ன வேண்டும்?

நடைமுறையில் குறைகள் வெளிப்பட்டன. அட்டையின் நீள அகலம் பொதுவாயிருந்தாலும், அதன்மேல் அமரும் செப்புக் குழாய்களும் மின்விசிறியும் ஒவ்வொரு பொறிக்கும் தனித்தனியே வடிவமைக்கப்பட்டன. புதிய அட்டையில் சில்லோ நினைவகமோ சிறிது இடம் மாறியிருந்தால் பழைய குளிர்விப்பான் அதன்மேல் சரியாகப் படியாது. சில பொறிகளின் அடிப்படை நிரல், தனக்கு அறிமுகமில்லாத அட்டையை ஏற்க மறுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வட்டைகள் சில்லறைக் கடைகளில் பரவலாக விற்கப்படவில்லை. பழைய பொறிகளிலிருந்து கழற்றியவையும், எங்கிருந்தோ வரவழைத்தவையுமே கைமாறின.

காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில், இடித்த செட்டிநாட்டு வீடுகளிலிருந்து எடுத்துவந்த நிலைக்கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். பர்மா தேக்கு, நூறாண்டு போனாலும் உறுதி குறையாது. ஆனால் அதை வாங்கி நம் வீட்டு வாசலில் நேரே வைத்துவிட முடியுமா? வாசலை இடித்துக் கட்ட வேண்டும், அல்லது நிலையை அறுக்க வேண்டும். கைமாறி வரும் எம்.எக்ஸ்.எம். அட்டையும் இத்தகையதே. கைத்திறன் மிக்கவருக்கு அது பயன்படும். சீட்டுப் பணத்தை நம்பியிருக்கும் மாணவருக்கு அது ஒரு சூதாட்டம்.

மடிக்கணிப்பொறிகள் மெலிய மெலிய, துளைக்கும் அட்டைக்கும் வேண்டிய உயரமும் இல்லாமற் போயிற்று. விளையாட்டுப் பொறிகளில் பற்றவைத்த சில்லே பொது வழக்காயிற்று. எம்.எக்ஸ்.எம். முயற்சியின் குறை என்னவெனில், அளவை வகுத்தவர்கள் அட்டையோடு நிறுத்திக்கொண்டார்கள்; குளிர்விப்பானையும் நிரலையும் அங்காடியையும் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள்.

இரண்டாம் முயற்சி: ஏரியா-51எம்

2019 ஜனவரியில் டெல் நிறுவனம் தன் ஏலியன்வேர் வரிசையில் 'ஏரியா-51எம்' என்னும் பொறியை அறிமுகம் செய்தது. மேசைக் கணிப்பொறிக்குரிய மையச் செயலியையே அதில் பொருத்தியிருந்தார்கள். வரைகலை அட்டையையும் கழற்றி மாட்டலாம் என்று விளம்பரம் செய்தார்கள். உயர்ந்த அமைப்புக்கு மின்சாரம் தர இரண்டு மின்னேற்றிகள் வேண்டியிருந்தன. மடியில் வைக்க முடியாத மடிக்கணிப்பொறி என்று கேலி செய்யலாம்; ஆயினும் மாற்றத்தக்க வடிவமைப்பை மீண்டும் கொண்டுவந்த துணிவைக் குறைகூற இயலாது.

குறை வேறிடத்தில் இருந்தது. இதன் அட்டை எம்.எக்ஸ்.எம். அளவிலானது அன்று, டெல் தனக்கென வகுத்துக்கொண்ட வடிவம். எனவே அந்த ஒரு நிறுவனம் அட்டை செய்தால் உண்டு, செய்யாவிடில் இல்லை. அதே தலைமுறையைச் சேர்ந்த அட்டைகளுக்குள் தாழ்ந்ததை எடுத்துவிட்டு உயர்ந்ததை வைக்க மாற்றுத்தொகுதிகள் வந்தன. அடுத்து வந்த தலைமுறைச் சில்லுகள் முதற்பொறிக்கு வந்து சேரவில்லை. 2020-இல் அந்நிறுவனம் இரண்டாம் பதிப்புப் பொறியை வெளியிட்டது. புதிய சில்லு வேண்டுமானால் புதிய பொறியையே வாங்க வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. மாற்றலாம் என்ற விளம்பரத்தை நம்பி வாங்கி ஏமாந்ததாக 2021-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வழக்கும் தொடரப்பட்டது.

வழக்கின் நியாயங்களை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நாம் கற்கும் பாடம் ஒன்றுண்டு. துளை இருப்பது மட்டும் போதாது. அத்துளைக்குரிய சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால், அந்தத் துளையின் ஆயுள் அந்நிறுவனத்தின் விருப்பம் உள்ளவரைதான்.

மூன்றாம் முயற்சி: ஃபிரேம்வொர்க்-16

ஃபிரேம்வொர்க் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம் 2023-இல் 16 அங்குல மடிக்கணிப்பொறி ஒன்றை அறிவித்து, 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வாங்கியோருக்கு அனுப்பத் தொடங்கியது. இதில் வரைகலைச் சில்லும், அதற்குரிய செப்புக் குழாய்களும், மின்விசிறிகளும் சேர்ந்து ஒரே தொகுதியாகப் பொறியின் பின்புறத்தில் மாட்டப்படுகின்றன. சில திருகுகளைக் கழற்றினால் தொகுதி முழுவதும் வெளியே வந்துவிடும். எம்.எக்ஸ்.எம். தவறவிட்ட இடத்தை இவர்கள் சரியாகப் பிடித்தார்கள்: சில்லு மாறினால் குளிர்விப்பானும் உடன் மாற வேண்டும். இணைப்பின் அளவுகளையும் விவரங்களையும் பிறர் பயன்படுத்தும் வண்ணம் வெளியிட்டார்கள்.

முதலில் வந்த தொகுதியில் ரேடியான் ஆர்.எக்ஸ். 7700எஸ் என்ற சில்லு இருந்தது. 2025 ஆகஸ்டில் ஜியிஃபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 5070 சில்லுடன் புதிய தொகுதியை அறிவித்தார்கள். பழைய பொறியிலும் அது பொருந்தும் என்றார்கள். நிறுவனமே வேறான சில்லு, தலைமுறையும் வேறு. ஆயினும் பொறி அதே பொறி. அட்டையை மாற்றலாம் என்ற வாக்குறுதி தலைமுறை தாண்டிக் காப்பாற்றப்பட்டதற்கு இது நல்ல சான்று.

எனினும் குறை சொல்லாமல் விடலாகாது. பழைய தொகுதியும் புதிய தொகுதியும் 8 ஜிகாபைட் நினைவகம் உடையவை. ஏறத்தாழ 100 வாட் மின்திறன் எல்லையில் இயங்குபவை. இடமும் வெப்பமும் விதித்த வரம்பு அது. பொறியின் விலையும் மாணவர்க்கு எட்டுவதாக இல்லை. இன்றைக்கு இத்தொகுதிகளைச் செய்து விற்பதும் பெரும்பாலும் அந்த ஒரு நிறுவனமே. அளவுகளை வெளியிட்டது நன்று. வேறு நிறுவனங்களும் அவ்வளவில் செய்ய முன்வந்தால்தான் அது உண்மையில் பொது அளவாகும்.

பெயர் ஒன்று, பொருள் வேறு

இவ்விடத்தில் வாங்குவோரை மயக்கும் மற்றொன்றையும் கண்டிக்க வேண்டும். மேசைக் கணிப்பொறிக்குரிய ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டையில் 16,384 சிறு கணிப்பான்களும் 24 ஜிகாபைட் நினைவகமும் உள்ளன. அது 450 வாட் வரை மின்சாரம் கொள்ளும். மடிக்கணிப்பொறிக்குரிய ஆர்.டி.எக்ஸ். 4090-இல் 9,728 கணிப்பான்களும் 16 ஜிகாபைட் நினைவகமும் உள்ளன. மின்திறன் 150 வாட் அளவில் இருக்கும். இரண்டின் உள்ளிருக்கும் சில்லே வேறு. ஆனால் பெயர்ப்பலகையில் காணும் எண் ஒன்றே. அரிசி மூட்டையில் ஒரு பெயரும் உள்ளே வேறு அரிசியும் இருந்தால் கடைத்தெருவில் சும்மா விடுவார்களா? மடிக்கணிப்பொறி வாங்குவோர், சில்லின் எண்ணோடு அதற்கு ஒதுக்கப்பட்ட வாட் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

காரைக்குடி வெயிலும் கணக்கில் சேரும்

வாட் என்றதும் வெப்பம் நினைவுக்கு வரவேண்டும். சில்லு கொள்ளும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. அவ்வெப்பத்தைக் காற்று எடுத்துச்செல்லும் வேகம், சில்லுக்கும் அறைக்காற்றுக்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது.

சில்லு 87 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுக்கூடத்தில் அறை வெப்பம் 25 டிகிரி, வேறுபாடு 62. செக்காலையில் சித்திரை மாதத்துப் பிற்பகலில் மாடி அறை 38 டிகிரி, வேறுபாடு 49. நாற்பத்தொன்பதை அறுபத்திரண்டால் வகுத்தால் 0.79. ஆய்வுக்கூடத்தில் 100 வாட் வெப்பத்தைப் போக்கிய அதே விசிறி, அதே வேகத்தில் சுழன்றால், இங்கே 79 வாட்டையே போக்கும். மீதிக்குச் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிர்ந்த அறையில் அளந்து வெளியிடும் மதிப்பீடுகள் நம் ஊர் மாடி அறைக்குப் பொருந்தாமற் போவதற்கு இதுவே காரணம். பழைய பொறியில் விசிறி இடுக்குகளில் தூசி அடைத்து, சில்லின்மேல் பூசிய 'தெர்மல் பேஸ்ட்' காய்ந்தும் போயிருந்தால் நிலைமை இன்னும் மோசம். இத்தகைய பொறியில் உயர்ந்த அட்டை கிடைத்து வைத்தாலும், பெருகும் வெப்பம் அதன் பயனை விழுங்கிவிடும்.

சட்டமும் அளவுகோலும்

பிரான்சு நாட்டில் 2021 ஜனவரி முதல் மடிக்கணிப்பொறி உள்ளிட்ட சில பொருள்களின்மேல், அவற்றை எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கலாம் என்பதைக் காட்டும் பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண் ஒட்டப்பட வேண்டும் என்று விதித்தார்கள். நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2024 செப்டம்பரில் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. 2025 மே மாதத்தில் குழு தன் அறிக்கையை அளித்தது. பிரித்தெடுக்கும் எளிமை, உதிரிப் பொருள் கிடைக்கும் நிலை, பழுதுபார்க்கும் விவரங்கள், மென்பொருள் புதுப்பிப்பு முதலியவற்றைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்பது அதன் பரிந்துரை. கைபேசியும் பலகைக் கணிப்பொறியும் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன.

வரவேற்கத்தக்க முயற்சி. ஆயினும் ஒரு குறிப்பு: பழுதுபார்ப்பது வேறு, மேம்படுத்துவது வேறு. பழையதைப் பழையபடி ஆக்குவதே பழுதுபார்த்தல். ஒரு பொறி பழுதில்லாமலே பயனற்றுப் போவதுண்டு. செக்காலை மாணவரின் சில்லு பாஸ்கல் என்ற 2016-ஆம் ஆண்டுத் தலைமுறையைச் சேர்ந்தது. 2025 அக்டோபருக்குப் பின் அத்தலைமுறைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான இயக்கு நிரல்கள் இல்லை என்றும், 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும் என்றும் அதன் செய்முறையாளர் அறிவித்துவிட்டார். விசிறி சுழல்கிறது, திரை ஒளிர்கிறது, விசைப்பலகை தேயவில்லை. ஒரு சில்லுக்கு வயதானதால் மற்ற உறுப்புகள் அனைத்தும் குப்பைக்குப் போவது எவ்வளவு பெரிய வீண்! மதிப்பெண் அட்டையில் மேம்படுத்தும் வசதிக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்பது நம் கருத்து.

மாணவருக்கு நம் விடை

இனி வினாவுக்கு வருவோம். ஜி.டி.எக்ஸ். 1050 அமைந்த பொறிகளில் பெரும்பாலானவை பற்றவைத்த சில்லு உடையவை. எனவே தம்பி, முதலில் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: "எந்தச் சில்லை, எப்படி வைக்கப்போகிறீர்கள்?" அதே மாதிரிப் பொறியின் உயர்ந்த வகைத் தாய்ப்பலகையை முழுமையாக மாற்றப்போவதாகச் சொன்னால், அது நடக்கக்கூடியதே, ஆனால் அதுவும் கழற்றியெடுத்த பழைய பலகையாகவே இருக்கும், சில்லும் பெரும்பாலும் அதே தலைமுறையினதாகவே இருக்கும். ரூ. 18,000 அதற்குத் தகாது. அவர் விடை தெளிவாக இல்லையென்றால், வணக்கம் சொல்லி வந்துவிடுங்கள்.

பொறியில் தண்டர்போல்ட் இணைப்பு இருந்தால், மேசை அட்டை ஒன்றை வெளிப்புறப் பெட்டியில் வைத்து இணைக்கலாம். மேசைப் பொறியில் அட்டைக்கு நொடிக்கு ஏறத்தாழ 16 ஜிகாபைட் அகலமுள்ள பாதை என்றால், இங்கே 4 ஜிகாபைட்டுக்கும் குறைவு. விளையாட்டுக்கு இது இடையூறு. காட்சியை ஒருமுறை ஏற்றிவிட்டு நெடுநேரம் கணிக்கும் பிளெண்டருக்கு அவ்வளவு இடையூறன்று. ஆனால் பெட்டி, மின்வழங்கி, அட்டை என்று செலவு மூன்று மடங்காகும். அப்பணத்துக்குப் பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றையே வாங்கிவிடலாம்.

செலவு குறைந்த வழி இது. விசிறியைத் தூசி போகத் துடைத்து, புதிய தெர்மல் பேஸ்ட் பூசச் செய்யுங்கள். நினைவகத் துளை ஒன்று காலியாக இருந்தால் இன்னொரு நினைவகப் பட்டையைச் சேருங்கள். சுழலும் வட்டு இருந்தால் அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. வையுங்கள். இவ்விரண்டும் பொது அளவில் கிடைப்பவை. நாளை வேறு பொறிக்கும் பயன்படலாம். அரசின் விலையில்லா மடிக்கணிப்பொறி வைத்திருப்போருக்கும் இதே அறிவுரை பொருந்தும். அவற்றில் பெரும்பாலும் தனி வரைகலை அட்டை கிடையாது என்பதால் அதை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. பெரிய காட்சிகளை இரவில், அறை குளிர்ந்தபின், குறைந்த நுணுக்கத்தில் ஓடவிட்டுப் பழகுங்கள். வரைகலையில் தேர்ச்சி பெற இன்றைய பொறியே ஓராண்டுக்குப் போதும்.

மீதிப் பணத்தைச் சீட்டிலேயே இருக்க விடுங்கள். அடுத்த பொறி வாங்கும் நாளில், மேலே கண்ட ஐந்து கேள்விகளையும் கடைக்காரரிடம் வரிசையாகக் கேளுங்கள். அம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். சைக்கிளுக்கு டயர் வாங்கும்போது அளவு கேட்டு வாங்கிய தலைமுறை அவர்களுடையது. அக்கேள்விகளின் பொருள் அவர்களுக்கு எளிதில் விளங்கும்.